கருவி செய்யக் கற்க எங்கே போவது: சர்வீஸ் கடை, ஐடிஐ, பாலிடெக்னிக், ஓசூர் கம்பெனி

எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தால் அவர்கள் ஆசை மூன்று விதமாகப் பிரியும். சிலருக்குப் பழுதானதைச் சரிசெய்வது பிடிக்கும். பலருக்கு ஓசூர் பக்கம் ஒரு நல்ல கம்பெனியில் மாதச் சம்பளம் வந்தால் போதும். மிகச் சிலர்தான் தாங்களே ஒரு கருவியை யோசித்து, சர்க்யூட் வரைந்து, போர்டு செய்து, பெட்டியில் அடைத்து, அது ஒரு வயலிலோ கடையிலோ வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். முதல் இரண்டு பேருக்கும் வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. மூன்றாவது ஆளுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தெளிவாக வழி சொல்கிறவர் குறைவு. இந்தக் கட்டுரை அவருக்காக.

எந்த வழி நல்லது என்று பொதுவாகப் பேசினால் பேச்சு முடியவே முடியாது. அதனால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கருவியை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம்: போர்வெல் மோட்டாருக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு. இதைத் தானே வடிவமைத்துச் செய்யத் தெரிந்தவர் வேறு எதையும் செய்துவிடுவார். எந்த வழியில் போனால் அந்த இடத்துக்கு வந்து சேரலாம் என்று பார்ப்போம்.

அந்த போர்டுக்குள் என்ன இருக்கிறது

மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். மூன்று ஃபேஸும் வந்ததா என்று பார்க்க வேண்டும், வந்தால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இழுக்க வேண்டும், ஏதாவது தப்பு என்றால் விட வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துப் போர்வெல்கள் ஆயிரம் அடிக்கும் கீழே போகின்றன. ஒரு ஃபேஸ் போன பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மீதி இரண்டு ஃபேஸிலும் கரண்ட் ஏறி, சில நிமிடங்களில் காயில் எரிந்துவிடும். அவ்வளவு ஆழத்திலிருந்து குழாயோடு மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கும் செலவு ஒரு சிறு விவசாயியின் ஒரு போக லாபத்தையே தின்றுவிடும். போர்டைச் செய்கிறவர் இந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வரும். மும்முனை மின்சாரம் வந்த நொடியே மோட்டாரைப் போடக்கூடாது. ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு போர்டிலும் தாமதத்தை மாற்றி வைக்க வசதி வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் கரண்ட் குறையும். அதை, கம்பியில் ஓடும் கரண்ட்டை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்பார்மரை வைத்துப் பிடிக்கலாம். ஆனால் எவ்வளவு குறைந்தால் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொள்வது என்பது அந்தந்த மோட்டாரையும் அன்றைய வோல்டேஜையும் பொறுத்தது. கான்டாக்டர் காயிலை விடும் நேரத்தில் வோல்டேஜ் திடீரென எகிறி, போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும். காயிலின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராகப் போட்டால் அது அடங்கும். மின்னல் காலத்துக்கு எம்ஓவி, அதாவது எகிறும் வோல்டேஜை உறிஞ்சிக்கொள்ளும் பாகம் வேண்டும்.

சப்ளை பகுதியிலும் கணக்கு உண்டு. மெயின்ஸ் வோல்டேஜ் ஏறும்போது டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டி 18 வோல்ட் வருகிறது என்று வைப்போம். 7805 ஐசி அதை 5 வோல்ட்டாக இறக்கி 0.2 ஆம்பியர் கொடுத்தால், 13 வோல்ட் பெருக்கல் 0.2, அதாவது 2.6 வாட் வெறும் சூடாகப் போகிறது. சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இந்தச் சூடு எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குப் போகும். அந்தக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதனால் 85 டிகிரி கெபாசிட்டருக்குப் பதில் 105 டிகிரி போட வேண்டும், ஐசிக்கு ஹீட்சிங்க் வேண்டும், அல்லது சூடு குறைவாக வரும் ஸ்விட்ச்சிங் சப்ளைக்கு மாற வேண்டும். கடைசியாக எறும்பும் பல்லியும். கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்டு போட்டு அடைத்து, போர்டுக்கு வார்னிஷ் பூச்சு கொடுக்காவிட்டால் முதல் மழையிலேயே ரிலே பக்கம் ஷார்ட் ஆகும்.

ஆக, கணக்கு, கைவேலை, கெட்டுப்போகும் விதம் பற்றிய அறிவு, வயலைப் பற்றிய அறிவு ஆகிய நான்கும் வேண்டும். இந்த நான்கையும் ஒரே இடத்தில் சொல்லித் தரும் இடம் எதுவும் இல்லை.

சர்வீஸ் கடை

பெற்றோர்கள் கடைசியாக யோசிப்பது இது. நான் முதலில் வைக்கிறேன், காரணத்தோடுதான்.

ஒரு கருவி எப்படிக் கெட்டுப்போகிறது என்று தெரிவதற்குச் சர்வீஸ் கடையை மிஞ்சிய இடம் கிடையாது. ஊதிப்போன கெபாசிட்டர், டிராப் ஆகும் ரிலே, சரியாக ஒட்டாத டிரை சால்டர், கருகிய ரெசிஸ்டர் என்று தினமும் கையில் வரும். ஒரே கம்பெனி ஸ்டெபிலைசர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போவதைப் பார்த்தால், அதை வடிவமைத்தவர் எதை மறந்தார் என்று தானாகவே புரியும். இந்த அறிவு பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் கிடைக்காது. புத்தகத்தில் வரும் சர்க்யூட் எல்லாமே வேலை செய்யும் சர்க்யூட்.

ஆனால் எந்தக் கடை என்பது மிக முக்கியம். மொபைல் கடையில் கை நுட்பம் நன்றாக வரும். மைக்ரோஸ்கோப்பின் கீழே ஹாட் ஏர் பிடித்து ஐசி மாற்றுவது லேசான வேலை இல்லை. ஆனாலும் அந்த போர்டு பல அடுக்குகளாக இருக்கும், ஐசிக்குள் நடப்பது வெளியே தெரியாது. பார்த்து வரைந்து கற்றுக்கொள்ள அதில் இடம் குறைவு. யுபிஎஸ், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், மோட்டார் ஸ்டார்ட்டர், எடை மெஷின், வெல்டிங் மெஷின் சரிசெய்யும் கடைதான் நம் ஆளுக்கு ஏற்றது. அங்கே போர்டு பெரிதாக, பாகங்கள் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கும். ஒரு போர்டைத் திருப்பிப் போட்டு, தடங்களைப் பின்தொடர்ந்து, சர்க்யூட்டை நோட்டில் வரைந்துவிடலாம். வாரத்துக்கு ஒன்று வரைந்தால்கூட ஒரு வருடத்தில் அவர் கையில் இருக்கும் நோட்டுக்கு விலை சொல்ல முடியாது.

குறையும் பெரியது. பெரும்பாலான கடைகளில் "இந்த பார்ட் போச்சு, இதை மாத்து" என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஏன் 2.2 கிலோ ஓம், ஏன் 4.7 இல்லை என்று கேட்டால் பதில் வராது. பழைய போர்டில் என்ன இருந்ததோ அதுவே விதி. இரண்டாவது, பாதுகாப்பு. 230 வோல்ட்டை நேராக ரெக்டிஃபை செய்தால் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். சுவிட்சை நிறுத்திய பிறகும் நிற்கும். மேசையை மெயின்ஸ் லைனிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல், எர்த் இல்லாமல், வெறுங்காலோடு பையன்கள் வேலை செய்யும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சீரீஸ் லாம்பு (கரண்ட் எகிறாமல் இருக்கத் தொடராக வைக்கும் பல்பு) போட்டுச் சோதிக்கும் பழக்கம் இல்லாத கடையில் பிள்ளையை விடாதீர்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஐடிஐயும் பாலிடெக்னிக்கும்

ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு 2 வருடம், பத்தாவது தேறியிருந்தால் போதும். எலக்ட்ரீசியன் பிரிவு வேறு, இது வேறு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். எலக்ட்ரானிக் மெக்கானிக் பாடத்தில் சால்டரிங், பவர் சப்ளை, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப், டிஜிட்டல், மைக்ரோகன்ட்ரோலர், எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்ச்சிங் சப்ளை, யுபிஎஸ், போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் எஸ்எம்டி பாகங்கள் எல்லாம் வரும். பெரும்பகுதி நேரம் பட்டறையில் போகும், வகுப்பறையில் குறைவு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதோடு அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். காசு இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். தருமபுரியிலும் ஓசூரிலும் அரசு ஐடிஐ உண்டு. ஆனால் எல்லாப் பிரிவும் எல்லா ஐடிஐயிலும் இருக்காது, எனவே பிரிவைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு 71 ஐடிஐகளை மேம்படுத்தியது நல்ல காரியம். அங்கே வந்த புதுப் பிரிவுகள் ரோபோ, சிஎன்சி, மின்வாகனம் பக்கம் சாய்ந்தவை. போர்டு வடிவமைப்பு ஆசை உள்ளவர் பழைய எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவையே கேட்க வேண்டும்.

ஐடிஐயில் குறைவாக இருப்பது கணக்கு. பாலிடெக்னிக் டிப்ளமோவில் அது கூடுதலாக உண்டு. இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பிரிவு 3 வருடம், இதற்கும் பத்தாவது போதும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஐடிஐ முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்ன உதாரணம். எல்எம்317 என்று ஒரு ரெகுலேட்டர் ஐசி. அதன் அவுட்புட் வோல்டேஜ் 1.25 பெருக்கல் (1 + ஆர்2/ஆர்1). ஆர்1 இடத்தில் 240 ஓம், ஆர்2 இடத்தில் 2.2 கிலோ ஓம் போட்டால் ஏறக்குறைய 12.7 வோல்ட் வரும். கடையில் வளர்ந்த பையனுக்கு அந்த இரண்டு ரெசிஸ்டரும் பழகிய முகங்கள். பாலிடெக்னிக்கில் இதைப் படித்தவர் 9 வோல்ட் வேண்டும் என்றால் எதை மாற்ற வேண்டும் என்று பேனாவை எடுத்துவிடுவார். வடிவமைப்பு என்பது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பாகத்தின் விவரங்களைத் தயாரிப்பாளர் எழுதித் தரும் டேட்டாஷீட்டை எடுத்துப் படிக்கிற துணிச்சலும் டிப்ளமோ படித்தவருக்கு எளிதில் வரும். அது ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் எண்களும் வரைபடங்களும்தான் அதில் முக்கால்வாசி என்று கண்டுகொண்டால் பயம் போய்விடும்.

பாலிடெக்னிக்கின் பலவீனம் கடைசி வருட புராஜெக்ட். உண்மையைச் சொல்ல வேண்டும்: பல கல்லூரிகளில் மாணவர்கள் குழுவாகக் காசு போட்டு, வெளியே ஒரு சென்டரில் தயாராக வாங்கி வந்து மேசையில் வைக்கிறார்கள். மூன்று வருடத்தில் சொந்தமாக ஒரு கருவி செய்யக் கிடைத்த ஒரே வாய்ப்பு இப்படிக் கைநழுவிப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, போன வருட புராஜெக்ட்களைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டைகள் போட்ட பொதுவான டாட் போர்டில் கோணல்மாணலாகச் சால்டர் செய்த ஒன்றாவது கண்ணில் பட்டால் அது நல்ல கல்லூரி.

பிஇ பற்றி ஒரு வரி போதும். பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கணிதம் ஆழமாக வேண்டும், ரேடியோ அல்லது சிப் பக்கம் போக வேண்டும் என்றால் அது சரியான வழி. ஸ்டார்ட்டர் போர்டு செய்ய அந்த நான்கு வருடம் தேவையில்லை.

ஓசூர் கம்பெனி

டிவிஎஸ், டைட்டன், ஏத்தர் எல்லாம் ஓசூரில். ஓலா போச்சம்பள்ளியில். பவர் சப்ளைகளுக்குப் பேர்போன டெல்டா குருபரப்பள்ளி பக்கம். அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் மாதாமாதம் பணம், சாப்பாடு, பஸ். வீட்டுக்கு உடனே பணம் வேண்டும் என்றால் இதை யாரும் குறை சொல்ல முடியாது. இந்த மாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், இதனால் நிமிர்ந்திருக்கின்றன.

கற்பதற்கு என்ன கிடைக்கும்? ஒழுங்கு கிடைக்கும். போர்டைத் தொடும் முன் கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டுவது, ஈரம் உறிஞ்சும் ஐசிகளைத் தனியாக வைப்பது, ஒவ்வொரு சால்டர் மூட்டும் ஏற்கத்தக்கதா என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் கடையிலும் கல்லூரியிலும் அரிது. ஒரு எஸ்எம்டி லைனில் பேஸ்ட் அச்சடிப்பது, பாகங்களை இயந்திரம் வைப்பது, அடுப்பில் 240 டிகிரி பக்கம் சூடேற்றி எடுப்பது, கேமரா சோதிப்பது என்று நான்கு கட்டம். ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில்தான் நிற்பார். அந்த போர்டு எதற்கு, அதில் அந்த ரெசிஸ்டர் ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. அதை முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார்கள்.

கம்பெனிக்குள்ளேயே இரண்டு இடங்கள் விதிவிலக்கு: தவறிய போர்டுகளைத் திருத்தும் ரீவொர்க் மேசையும், சோதனைக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவும். அங்கே போக வாய்ப்பு வந்தால் ஓவர்டைம் குறைந்தாலும் போங்கள். ஃபெயில் ஆன போர்டு எங்கே ஃபெயில் ஆனது என்று தேடுவது அங்கே தினசரி வேலை.

வீட்டு மேசை

எந்த வழியில் போனாலும் இது கூடவே வேண்டும். வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், ஒரு நல்ல மல்டிமீட்டர், சால்டர் செய்யாமல் சர்க்யூட் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, பொடிப் பாகங்கள் என்று 5,000 ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருகும், புதியவருக்குக் கை வசப்படுவது அதுதான். ஈயம் கலந்தது என்பதால் வேலை முடித்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஆசிலோஸ்கோப் வாங்க நிறையச் செலவாகும், அதற்குக் கல்லூரி ஆய்வகத்தையோ தெரிந்த கடையையோ பிடித்துக்கொள்ளலாம். சர்க்யூட்டும் போர்டும் வரையும் கீகேட் (KiCad) மென்பொருள் இலவசம். போர்டு வரைய வேறு எதுவும் தேவையில்லை. ஒற்றைப் பக்க போர்டை, செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் வீட்டிலேயே அரித்துக்கொள்ளலாம், அந்தக் கரைசலைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்ற வேண்டாம்.

பாகங்கள் வாங்குவதில் நம் மாவட்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் பெங்களூரு எஸ்பி ரோடு ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ. அதே போன்ற சந்தையான சென்னை ரிச்சி தெருவுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து 250 கி.மீ. பக்கம் போக வேண்டும். ஆனால் விலை மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாற்றி அச்சிட்ட ஐசிகளும் போலிக் கெபாசிட்டர்களும் எல்லாச் சந்தையிலும் புழங்குகின்றன. பழகுவதற்குச் சந்தைப் பாகம் போதும், விற்கப் போகும் கருவிக்கு அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

வீட்டு மேசையின் குறை, தட்டிக் கேட்க ஆள் இல்லாதது. வீடியோ பார்த்து அர்டுயினோ என்ற தயார் மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் விளக்கு எரியவைத்ததோடு நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். அதைத் தாண்ட ஒரே வழி, பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றைச் செய்வது. பட்டுப்புழு மனைக்கு வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் கருவி நம் பக்கத்துக்கு ஏற்ற நல்ல பயிற்சி. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 முதல் 90 சதவீத ஈரமும் வேண்டும், வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 முதல் 75 சதவீதமும் போதும். செய்துகொண்டு போய் மாட்டிய பிறகுதான் தெரியும், மனையில் தூவும் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினி ஆவியும் மலிவான சென்சாரைச் சீக்கிரமே பொய் சொல்ல வைத்துவிடும் என்று. சென்சாரை எங்கே வைப்பது, எதால் மூடுவது, எப்போது கழற்றி எடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிய அன்றே நீங்கள் வடிவமைப்பாளர்.

யாருக்கு எது

பத்தாவது முடித்தவர், வீட்டில் மூன்று வருடம் தாங்கும் என்றால், என் முடிவு இது: அரசு பாலிடெக்னிக்கில் இசிஇ, சனிக்கிழமையும் விடுமுறையும் யுபிஎஸ் அல்லது ஸ்டார்ட்டர் சர்வீஸ் கடை. இரண்டும் சேர்ந்தால்தான் பயன். கணக்கு ஒரு பக்கம் வரும், கெட்டுப்போகும் விதம் மறுபக்கம் வரும். மூன்றாம் ஆண்டு புராஜெக்டாக அந்த ஸ்டார்ட்டர் போர்டையே எடுத்துக்கொள்ளலாம், சோதித்துப் பார்க்க மாமா வயலோ சித்தப்பா வயலோ இல்லாமலா போகும்?

படிப்பில் கொஞ்சம் மந்தம், கை நன்றாக வேலை செய்யும் என்றால் முதலில் ஐடிஐ, பிடித்துப்போனால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. ஒரு வருடம் கூடுதலாகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், டிப்ளமோவில் மற்றவர்கள் திணறும் லேபில் இவர் முன்னால் நிற்பார்.

உடனே பணம் வேண்டும் என்றால் ஓசூர். ஆனால் ஷிஃப்ட் போக மிஞ்சும் நேரத்தில் வீட்டு மேசை இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் ரீவொர்க் பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் வேலை இருக்கும், வடிவமைப்பு ஆசை கரைந்துவிடும்.

பெண் பிள்ளை என்றால் சர்வீஸ் கடை என்ற பாதி வழி இங்கே இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கடைக்காரர்கள் சேர்க்கத் தயங்குகிறார்கள், வீட்டில் அனுப்பத் தயங்குகிறார்கள். அதற்காக அந்தப் பாடத்தை விட்டுவிட முடியாது. கடைகளில் சரிசெய்ய முடியாது என்று ஒதுக்கிய போர்டுகள் எடைக்குப் போகும். அவற்றை எடைக் காசு கொடுத்து வாங்கி வந்து, வீட்டு மேசையில் ஒவ்வொன்றாகச் சர்க்யூட் வரைந்து, எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். மெயின்ஸில் போட்டுப் பார்க்கும் கட்டம் வரும்போது மட்டும் கல்லூரி லேபுக்கு எடுத்துப் போய், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகச் சோதிக்கலாம். கேட்டால் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.